தண்டவாளத்தின் மேல் ஒரு கடைசல் இயந்திரம்

நேற்று மாலை நம் மகள் புதிதாக ஒரு சாப்பாட்டு மேசை வாங்கி வந்தாள். லோரியிலிருந்து இறக்கிக் கூடத்தில் வைத்து அட்டைகளைப் பிரித்ததும் ஒரு வாசனை எழுந்தது. வார்னிஷுக்கு அடியில், லேசாகப் புளித்த பாலின் வாசனை. கடை ஆள் சொல்வதற்கு முன்பே அது ரப்பர் மரம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

குனிய முழங்கால் இடம் கொடுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு நான்கு கால்களையும் மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்தேன். பிறகு இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். ஒரு காலில் மட்டும் கடைசல் வளையம் மற்றவற்றைவிடச் சற்று இறங்கியிருந்தது. சொன்னேன்.

"யாரும்மா பாக்கப் போறா?" என்றாள்.

நீங்கள் என்னிடம் கேட்ட அதே கேள்வி, அதே சலிப்போடு. நீங்கள் கேட்டபோது அவள் பள்ளிக்குப் போகத் தொடங்காத சின்னப் பிள்ளை. கொட்டகை வாசலில் உட்கார்ந்து, மரச்சுருள்களைத் தகரச் சட்டியில் போட்டுச் சோறாக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நினைவிருக்க நியாயமில்லை. எனக்கு இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

கண் போன கதையை நீங்கள் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. கோலசிலாங்கூருக்கு வெளியே இருந்த செம்பனை எண்ணெய் ஆலையில் நீங்கள் பிட்டர். சாணைக்கல்லில் இரும்பு தீட்டும்போது, வியர்வையைத் துடைக்கப் பாதுகாப்புக் கண்ணாடியை ஒரு கணம் நெற்றிக்குத் தூக்கினீர்கள். ஒரு பொறி பறந்தது. இடது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. யார் மேலும் குற்றமில்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அதற்கு மேல் அதைப் பற்றி நம் வீட்டில் பேச்சில்லை.

வீடு திரும்பிய பிறகு ஒருநாள் தேநீர் ஊற்றினீர்கள். அது கோப்பைக்குப் பக்கத்தில், நான் பூவேலை செய்த மேசை விரிப்பின் மேல் கொட்டியது. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் தெரியாது என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. நான் உங்கள் விரலை எடுத்துக் கோப்பையின் விளிம்பில் வைத்தேன். பிற்பகலில் நீங்கள் படுத்திருந்தபோது நானும் இடது கண்ணை மூடிக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்து பார்த்தேன். பின்படியில் இடறினேன். ஊசியில் நூல் கோர்க்க உட்கார்ந்தேன். நூல் ஊசிக்கு முன்னாலும் பின்னாலும் போனதே தவிர உள்ளே போகவில்லை. கான்வென்ட் பள்ளியில் தையலுக்குப் பரிசு வாங்கியவள் நான். நீங்கள் இருந்த இடம் எப்படிப்பட்டது என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

ஆலை உங்களைக் கைவிடவில்லை. மெஷின் பக்கம் போகக் கூடாது, ஆனால் தீபாவளி கழிந்ததும் கேட்டில் ஜாகா வேலைக்கு வரலாம் என்று மானேஜர் சொல்லியனுப்பினார். காவல் வேலையை நான் ஒருநாளும் தாழ்வாக நினைத்ததில்லை. என் தையல் வருமானமும் அப்பா விட்டுப்போன வீடும் இருந்ததால் பட்டினிக்கும் பயமில்லை. என் கவலை வேறு. காற்று நம் பக்கம் அடிக்கும்போது ஆலைச் சத்தம் வீட்டுக்குக் கேட்கும். நீங்கள் சோற்றில் கையை வைத்தபடியே நின்றுவிடுவீர்கள்.

"ரெண்டாவது பிரஸ்ல பேரிங் போவுது. எவனும் கவனிக்க மாட்டேங்கிறான்."

அப்படிப்பட்டவர் கேட்டுக்கு வெளியே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, உள்ளே கால் வைக்காமல், நாள் முழுக்க அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. உங்களாலும் முடியவில்லை என்பது உங்கள் பேச்சு நாளுக்கு நாள் குறைந்ததிலிருந்து தெரிந்தது.

பிறகு ஒரு காலையில் கொட்டகை வாசலில் நின்று கூப்பிட்டீர்கள்.

"ஏய் கான்வென்ட்டு, இந்தக் கொட்டாயக் காலி பண்ணிக் குடு."

"எதுக்கு?"

"லேத்து கட்டப் போறேன். மரம் கடையறதுக்கு."

"ஒரு கண்ண வெச்சுக்கிட்டா?"

"ரம்பத்துக்குக் கண்ணு வேணும். சுத்தியலுக்கும் வேணும். கடைசலுக்கு அப்படியில்ல. தாங்கி மேல உளிய வெச்சு மெதுவா தள்ளுனா போதும். மரத்துல பட்டதும் சத்தம் வரும். மிச்சத்த கை பாத்துக்கும்."

யோசித்து வைத்துக்கொண்டுதான் பேசுகிறீர்கள் என்று தெரிந்தது. நான் ஒரு நிபந்தனை போட்டேன். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் மெஷினைத் தொட்டால் அன்று அடுப்பு எரியாது.

"கான்வென்ட் சிஸ்டருங்க இதையும் சொல்லிக் குடுத்தாங்களா?" என்றீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நீங்கள் செய்த முதல் கிண்டல் அது. கொட்டகையை அன்றே காலி செய்தேன்.

யாரோ தூக்கிப் போட்ட துணி துவைக்கும் மெஷினிலிருந்து மோட்டார் வந்தது. சுழலும் தண்டும் பேரிங்குகளும் பழைய இரும்புக் கடையில் பொறுக்கியவை. லோரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்து உளிகள் செய்தீர்கள். இவை எல்லாவற்றையும் சுமக்க நீளமான இரண்டு உத்திரங்கள் மட்டும் வேண்டியிருந்தது. அப்போது பக்கத்துத் தோட்டத்தில் ரப்பரைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். விழுந்த மரத்தைக் கேட்பாரில்லை. நேரான அடிமரமாகப் பார்த்து அறுத்துக் கொண்டுவந்தீர்கள். கொட்டகை முழுக்க இதே புளித்த வாசனை.

"ஏன் இப்படி வாட அடிக்குது?"

"புது மரம்னா அப்படித்தான்."

அந்த ஒரு கேள்வியை நான் இன்னும் இரண்டு முறை கேட்டிருந்தால் நமக்குப் பாதி வேலை மிச்சமாகியிருக்கும். ஆனால் எனக்கு மட்டும் மரத்தைப் பற்றி என்ன தெரியும்?

லேத்தின் உயிர் இரண்டு முனைகளில் இருக்கிறது என்று சொன்னீர்கள். ஒரு முனை சுழற்றும். எதிர் முனை மரத்தின் மறுகோடியைத் தாங்கும். அவற்றைக் கிட்டே கொண்டுவந்தால் இரண்டும் நுனியோடு நுனி தொட வேண்டும். நீங்கள் மேலிருந்து பார்த்தீர்கள். நான் முக்காலி போட்டுப் பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தேன்.

"இப்ப?"

"ஒங்க பக்கம் கீழ இருக்கு."

தகடு ஒன்றைச் செருகினீர்கள். "இப்ப?"

"இன்னும் ஒரு மயிரிழை."

"ஒன்னக் கட்டுனதுக்கு அந்த மானேஜரையே கட்டியிருக்கலாம்."

"அவருக்குச் சமைக்கத் தெரியாது. இன்னும் ஒரு மயிரிழை."

தொட்டன. நீங்கள் ஆரவாரம் செய்யவில்லை. இரண்டு நுனிகளும் சேர்ந்த இடத்தில் விரலை வைத்து, எடுக்காமல் வைத்தபடியே நின்றீர்கள்.

சபாக்கிலிருந்து உங்கள் அண்ணன் வந்தது அந்தச் சமயத்தில்தான். கொட்டகைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார்.

"தம்பி, ஒரு கண்ணு போனது பத்தலையா? இன்னொண்ணையும் இதுக்குப் படைக்கப் போறியா? ஜாகா வேல வெயில் படாத வேல லா. கால நீட்டி ஒக்காந்துக்கலாம்."

"கால நீட்டி ஒக்கார எனக்கு இன்னும் வயசாவல அண்ணே."

"நீயாச்சும் எடுத்துச் சொல்லும்மா," என்று என் பக்கம் திரும்பினார். நான் அவருக்கு இன்னொரு கோப்பை தேநீர் ஊற்றினேன்.

தஞ்சோங் காராங்கில் மேசை நாற்காலி விற்கும் தளவாடக் கடை வைத்திருந்த சீன முதலாளி, தவுக்கே ஒருவரிடம் நீங்கள் போய்ப் பேசினீர்கள். அவர் மேசைக் கால் ஒன்றை மாதிரிக்குக் கொடுத்து, இதே போல நான்கு கடைந்து தீபாவளிக்கு முன் கொண்டு வா, நான்கும் ஒன்றுபோல இருந்தால் தொடர்ந்து வேலை தருகிறேன் என்றார். அதைக் கேட்டு வந்த அன்று நீங்கள் சைக்கிளைச் சாய்த்து வைக்கக்கூட மறந்து, பிடித்தபடியே எனக்குச் சொன்னீர்கள். கேட்டுக் காவலா, லேத்தா என்பது அந்த நான்கு கால்களில் இருந்தது.

சில வாரம் மெஷின் நன்றாக ஓடியது. நீங்கள் பழகக் கடைந்த துண்டுகளில் பம்பரமும் கதவுக் குமிழுமாக வீடு நிறைந்தது. பிறகு அது நடுங்கத் தொடங்கியது. மரம் முனையில் நிற்காமல் தளர்ந்து தளர்ந்து போயிற்று. நீங்கள் இறுக்கினீர்கள், அது மறுபடி தளர்ந்தது. பேரிங்கைக் குறை சொன்னீர்கள், பெல்ட்டைக் குறை சொன்னீர்கள். ஒரு பிற்பகல் நான் கூடத்தில் பாவாடைக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தபோது கொட்டகையில் பலகை உடைவது போல ஒரு சத்தம். ஓடி வந்தேன். மரத்துண்டு முனையிலிருந்து துள்ளி முகத்தில் அடித்திருந்தது. வலது பக்கக் கண்ணாடி வெடித்து, புருவத்தில் ரத்தம். கண்ணுக்கு ஒன்றுமில்லை.

நான் முதலில் புருவத்தைக் கழுவிக் கட்டினேன். பிறகு சுவிட்சை அணைத்து, வயரிலிருந்து பிளக்கைத் திருகிக் கழற்றி, என் தையல் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

"சாவியக் குடு."

"ஏன் பறந்துச்சுன்னு சொல்லுங்க. தரேன்."

"தெரியல."

"அப்ப தர மாட்டேன்."

மறுநாள் நீங்கள் கொட்டகைப் பக்கமே போகவில்லை. நான் போனேன். முக்காலியில் பழைய இடத்தில் உட்கார்ந்து இரண்டு முனைகளையும் கிட்டே கொண்டுவந்து பார்த்தேன். அவை தொடவில்லை. ஒன்றையொன்று பார்க்காமல் கடந்து போயின. துணி அளக்கும் கோல்கள் இரண்டை எடுத்து வந்து, உத்திரத்தின் இரண்டு கோடியிலும் குறுக்கே ஒவ்வொன்றாக வைத்து, தலையைத் தாழ்த்திப் பார்த்தேன். ஒரு கோல் இந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. மற்றது அந்தப் பக்கம். பிழிந்த துணி போல உத்திரம் முறுக்கிக்கொண்டிருந்தது.

உங்களைக் கூப்பிட்டேன். நீங்கள் வெகுநேரம் பார்த்தீர்கள். பிறகு தரையில் உட்கார்ந்து சிரித்தீர்கள், சந்தோஷச் சிரிப்பல்ல.

"நான் தோட்டத்து லயத்துல பொறந்தவன். எங்கப்பாவும் அம்மாவும் அந்த மரத்தக் கட்டிக்கிட்டே வாழ்ந்தாங்க. பட்டையில கத்தி எவ்ளோ ஆழம் போவணும்னு எங்கம்மா இருட்டுலயே சொல்லும். எந்த மரம் எத்தன மணிக்குப் பால் விடும்னு சொல்லும். உள்ள இருக்கிற மரத்தப் பத்தி மட்டும் எங்க யாருக்கும் ஒண்ணும் தெரியாது. நமக்கு அது பாலு. பால் நின்னா வெறகு. ஈரத்தோட தூக்கி வெச்சா காயறப்ப முறுக்கிக்கும்னு யாரு கண்டா?"

நான் கோல்களை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"இரும்புல கட்டியிருக்கணும். தண்டவாளம் மாதிரி. அது முறுக்காது." எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டீர்கள். "சரி விடு. தீபாவளி கழிச்சு கேட்டுக்குப் போறேன். அண்ணன் சொன்னதுதான் சரி."

நீங்கள் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேன். மிகச் சாதாரணமாகச் சொன்னீர்கள்.

அதுவரை நான் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. பக்கத்து வீட்டில் ஒரு பிடி சீனிகூட இரவல் வாங்கியதில்லை. கேட்கத்தான் வேண்டுமென்றால் நிமிர்ந்து நின்று முழு வாக்கியத்தில் கேள் என்று சிஸ்டர்கள் பழக்கியிருந்தார்கள். மறுநாள் கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு, குடையோடு பஸ் ஏறி ஆலை ஆபீசுக்குப் போனேன். தோட்டத்திலிருந்து செம்பனைப் பழக்குலை இழுத்து வந்த குட்டி ரயிலை நிறுத்திவிட்டு லோரிக்கு மாறியிருந்தார்கள். கழற்றிய தண்டவாளங்கள் ஆபீசுக்குப் பின்னால் புல் மண்டிக் கிடந்ததை நான் முன்பே பார்த்திருந்தேன்.

மானேஜரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். "என் கணவர் ஒரு கடைசல் இயந்திரம் கட்டுகிறார். அதற்கு ஆள் உயரத்தில் இரண்டு துண்டுத் தண்டவாளம் தேவை. கொடுக்க முடியுமா, முடியாதா என்று இப்போதே சொன்னால் நல்லது."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அவர் தீபாவளிக்குப் பிறகு கேட்டுக்கு வருகிறாரே, நேரம் இருக்குமா?"

"அவர் வர மாட்டார்," என்றேன். "நீங்கள் அந்த இடத்தை வைத்திருந்ததற்கு நன்றி. வேறு ஒருவருக்குக் கொடுங்கள்."

"இது அவர் சொன்னதா?"

"நான் சொல்வது."

நல்ல மனிதர். மணியடித்து ஆளைக் கூப்பிட்டு, இரண்டு துண்டு வெட்டி லோரியில் ஏற்றச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் உங்களுக்கு வந்த கோபம்!

"என்ன ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பீங்க."

"லேத்து ஓடலைன்னா?"

"ஓட வைங்க."

எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டீர்கள். உங்களைக் கேட்காமல் நான் எடுத்த முடிவு அது ஒன்றுதான். அதற்காக அன்றும் நான் வருந்தவில்லை, இன்றும் இல்லை. நீங்கள் அந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டால் பிறகு உங்களை எழுப்ப என்னால் முடிந்திருக்காது.

லோரியில் தண்டவாளம் வந்து இறங்கியபோது தெருவே வேடிக்கை பார்த்தது. இறக்கிய ஆள் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார். "அக்கா, வூட்டுக்குள்ள ரயிலு வுடப் போறீங்களா?"

நான் பதில் தேடுவதற்குள் கொட்டகையிலிருந்து உங்கள் குரல் வந்தது. "ஆமா லா, கான்வென்ட்டம்மாதான் ஸ்டேஷன் மாஸ்டர். டிக்கெட் எடுத்துட்டு ஏறு."

கோபம் தீர்ந்துவிட்டது என்று அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

ரப்பர் உத்திரத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, இரண்டு தண்டவாளங்களையும் பக்கம் பக்கமாகப் படுக்க வைத்து, எல்லாவற்றையும் அவற்றின் மேல் மறுபடி பூட்டினீர்கள். மறுபடி நீங்கள் மேலிருந்து, நான் பக்கத்திலிருந்து. முனைகள் தொட்டன. மறுநாளும் தொட்டன. அடுத்த வாரமும் தொட்டன. அப்போதுதான் தையல் பெட்டியைத் திறந்து பிளக்கை எடுத்து என் கையாலேயே மாட்டினேன்.

நன்றாகக் காய்ந்த மெராந்தி மரத்தில் நான்கு கால்கள் கடைந்தீர்கள். நான் அவற்றைச் சன்னலோரம் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றையும் சுற்றிப் பார்த்தேன்.

"மூணாவது சரியில்ல. அடியில பெருத்திருக்கு."

"யாரு பாக்கப் போறா?"

"நான் பாப்பேன்."

"மேசைக்கு அடியில குனிஞ்சா?"

"குனிஞ்சு."

அதை எடுத்து மூலையில் வீசிவிட்டு இன்னொன்று கடைந்தீர்கள்.

தவுக்கே கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். அவர் நான்கு கால்களையும் கல்லாப் பெட்டி மேசையில் நிறுத்தினார். கலைத்து மாற்றி நிறுத்தினார். மாதிரிக் காலையும் நடுவில் சேர்த்துக் கலைத்தார். கடைசியில் தன் மாதிரி எதுவென்று அவருக்கே அடையாளம் தெரியாமல் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்.

"சாமா," என்றார். ஒன்றுபோல இருக்கிறது. பிறகு உங்கள் கண்ணைப் பார்த்துத் தயங்கி, மலாயில் கேட்டார். "நீதான் செய்தாயா?"

"செஞ்சது நான். பாத்தது இவங்க," என்று என்னைக் காட்டினீர்கள்.

"அப்போ இந்த அம்மா பாக்காம ஒண்ணும் கொண்டு வராத," என்றார் அவர்.

அந்தத் தீபாவளிக்குப் பிறகு கேட்டில் வேறு ஒருவர் உட்கார்ந்தார். காற்று நம் பக்கம் அடிக்கும்போது ஆலைச் சத்தம் முன்போலவே வந்தது. நீங்கள் சாப்பிடுவதை நிறுத்தவில்லை.

மூலையில் வீசிய அந்த மூன்றாவது காலை ஒருநாள் குட்டையாக வெட்டி, வளையங்களை எடுத்து, சப்பாத்திக் கட்டையாகக் கடைந்து அடுப்படியில் வைத்திருந்தீர்கள். நான் வழக்கம்போலக் கையில் எடுத்துத் தடவினேன்.

"இதுவும் ஒரு பக்கம் பெருத்திருக்கு."

"தெரியும். உருட்டிப் பாரு."

உருட்டினேன். மாவு தானாகவே திரும்பியது. ஒருபக்கம் பெருத்த கட்டை அதைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுபோனது. நான் கையால் திருப்ப வேண்டியிருக்கவில்லை.

"ஒன் கண்ணுக்கு அது தப்பு. மாவுக்கு அது சரி," என்று சொல்லிவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் கொட்டகைக்குப் போய்விட்டீர்கள். நான் அடுத்த உருண்டையை எடுத்தேன்.

நீங்கள் போய் வெகுகாலம் ஆயிற்று. வீட்டை வாங்கியவர்கள் தண்டவாளத்தை அசைக்க முடியாமல் அதன் மேல் பூத்தொட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்களாம். மகளோடு இருக்க நான் செரண்டாவுக்கு வரும்போது கொண்டுவந்தவற்றில் தையல் பெட்டியும் இந்தக் கட்டையும் உண்டு. மகள் பலமுறை புதுக் கட்டை வாங்கித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன்; காரணம் சொல்லவில்லை.

இன்று காலை புது மேசையின் மேல் மாவுப் பலகையை வைத்துச் சப்பாத்தி தேய்த்தேன். மேசை ஆடவில்லை. இப்போது ரப்பர் மரத்தைக் காய வைக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள் போலிருக்கிறது. மகள் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, மாவு அதுவா சுத்துது?"

இடது கண்ணை மூடிக்கொண்டு பலகையைப் பார்த்தேன். வட்டம் சரியாக இருந்தது. பிறகு அவளுக்குச் சொல்லத் தொடங்கினேன்.